அஞ்சலைக்கு ஆறாத காயம்

நாலு நாளாக ஆம்பூரில் மழை விடவில்லை. இன்று காலை அலமாரியைத் திறந்ததும் தோல் வாசனை முகத்தில் அடித்தது. ஷூ கம்பெனிகளுக்கு நடுவிலேயே பிறந்து வளர்ந்த நமக்கு அது ஒரு வாசனையாகவே தெரிந்ததில்லை. இன்று தெரிந்தது. மேல் தட்டில், உன் சட்டைகளுக்குப் பின்னால், கம்ப்யூட்டர் விளையாட்டுக்கு நீ கையில் பிடிக்கிற கன்ட்ரோலர் கிடந்தது. ஷூவுக்கு உள்ளே வைக்கிற லைனிங் தோலில் அம்மா உறை தைத்துப் போட்டாளே, அதேதான். ஈரத்தில் தோல் வெள்ளையாகப் பூத்துப்போயிருந்தது. உலர்ந்த துணியால் துடைத்தேன். இடது பக்கம் உன் கட்டைவிரல் அழுத்தி அழுத்தி ஒரு சின்னப் பள்ளம் விழுந்திருக்கிறது. வலது பக்கம் வழவழவென்று புதிதாகவே இருக்கிறது.

துடைத்த பிறகு வேறு வேலை ஓடவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து லீவு சொல்லிவிட்டு, தம்பி, உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். நீ போய் ஒன்பது மாதமாகிறது. இதுவரை உன்னிடம் ஒரு வரி பேசத் தோன்றவில்லை. கோபமா என்று கேட்டால் இல்லை. எதைச் சொல்லித் தொடங்குவது என்று தெரியாமல் இருந்தது.

அஞ்சலையிலிருந்தே தொடங்குகிறேன்.

கம்பெனியின் டிசைன் பிரிவில் பகல் முழுக்க கம்ப்யூட்டரில் ஷூவின் மேல்பாகத்துக்கு அளவு வெட்டிக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் நீயும் உன் பள்ளிக்கூடத் தோஸ்த் இம்தியாஸும் நம் முன்னறையில் அதே போலக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவீர்கள். விளையாட்டு ஒன்று செய்வதாகச் சொன்னீர்கள். ஒரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, ஆடுகிறவனே அந்தப் பாத்திரமாக நடந்து, சண்டை போட்டு, சண்டைக்குச் சண்டை வளர்ந்துகொண்டே போகிற வகை விளையாட்டு. ஆறேழு மாதம் நான் அதை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கேஷுவாலிட்டியில் காலை நர்ஸ் டூட்டி முடித்து வேலூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கிய களைப்பில், உன் நாற்காலிக்குப் பின்னால் நின்று பார்த்தேன்.

கோட்டைக்குச் சேதி கொண்டுபோகிறவள் அஞ்சலை. கையில் சிலம்பக் கம்பு, இடுப்பில் குறுவாள். காய்ந்த பாலாற்று மணலில் மூன்று பேர் அவளை வளைத்துக்கொண்டு வெட்டினார்கள். நான் எண்ணினேன். பதினான்கு வெட்டு. திரையின் மூலையில் அவள் உயிரைக் காட்டும் ஒரு சிவப்புக் கோடு குறைந்தது. அவள் ஓரமாக ஓடிப்போய் ஒரு குடுவையைத் திறந்து குடித்தாள். கோடு நிறைந்துவிட்டது. திரும்பி வந்து மூவரையும் சாய்த்தாள். லெவல் ஏழு என்று எழுத்து மின்னியது.

வயிற்றில் வெட்டு வாங்கியவள் எதைக் குடித்தாள் என்று கேட்டேன். மூலிகைச் சாறு என்றாய்.

“எங்க வார்டுக்கு ரெண்டு குடம் அனுப்புடா” என்றேன்.

இம்தியாஸ் விழுந்து விழுந்து சிரித்தான். உனக்குச் சிரிப்பு வரவில்லை. நாள் முழுக்கக் கம்பெனி லைனில் நின்று கால் வீங்கி வீட்டுக்கு வருகிறவன்தான் இதை ஆடப்போகிறான், அவனுக்கு இங்கேயாவது ஒரே மடக்கில் எல்லாம் சரியாகட்டும் என்று சொன்னாய். அதோடு நிறுத்தியிருக்கலாம். நானும் பேசாமல் குளிக்கப் போயிருக்கலாம். ஆனால் நீ கொஞ்ச நேரம் கழித்து நாற்காலியைத் திருப்பி, “சரிக்கா, நெஜத்துல இன்னா ஆவும்?” என்று கேட்டாய்.

சொன்னேன். பெருமையாகவே சொன்னேன். வெட்டுப்பட்டு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கத்துவதில்லை என்றேன். அவர்கள் கீழே விழுவதுகூட இல்லை. கிடைத்த இடத்தில் உட்கார்ந்துவிடுவார்கள். ரத்தம் போகப் போகத் தாகம் எடுக்கும், குளிரும், பேச்சு குழறும். முன்கையில் நரம்பு அறுந்தால் விரல் மடங்காது, கம்பைப் பிடிக்கவே முடியாது. விலா எலும்பு முறிந்தவன் ஆறு வாரத்துக்கு இருமக்கூடப் பயப்படுவான், கம்பு சுற்றுவது எங்கே. நீ ஒரு கம்பெனி டைரியை எடுத்து எழுதிக்கொண்டாய்.

அதற்கப்புறம் உன் தொல்லை தாங்கவில்லை. வேலூர் பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது போன் வரும். தொடையில் குத்துப்பட்டால் எத்தனை நிமிஷம் நடக்க முடியும் என்று கேட்பாய். நான் பதில் சொல்லச் சொல்லப் பக்கத்தில் நிற்கிறவர்கள் ஓரடி தள்ளிப் போய் நிற்பார்கள். ஒருமுறை கணியம்பாடிக்குப் போக நின்றிருந்த ஒரு அம்மாள் என்னைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள். அதைச் சொன்னபோது நீ சிரித்த சிரிப்பு இப்போதும் கேட்கிறது.

காயத்தை நான் கொடுத்தேன் என்றால், வளர்ச்சியை அம்மா கொடுத்தாள். லெவல் ஏறினால் அடி பலமாகிறது என்பது உனக்குப் பொய்யாகப் படத் தொடங்கிவிட்டது. ஒரு ஆள் எப்படித்தான் தேர்ச்சி அடைகிறான் என்று அம்மாவிடம் கேட்டாய். இருபத்திரண்டு வருஷம் ஷூவின் மேல்பாகம் தைத்த கை. அம்மா பூண்டு உரித்துக்கொண்டே யோசித்தாள்.

“எனக்கு வேகம் ஒண்ணும் ஏறலடா” என்றாள். “தப்பு கொறஞ்சிது. மொத மூணு மாசம் ஊசி விரல்ல ஏறும், தையல் கோணும், பிரிப்பேன், மறுபடி தைப்பேன். அப்புறம் பிரிக்கிற வேலை நின்னுபோச்சு. அவ்ளோதான்.”

நீ எழுந்து போய் லெவல் எண்களையெல்லாம் அழித்துவிட்டாய். அஞ்சலைக்கு இனி பலம் கூடாது. வீசுகிற வீச்சில் வீண் குறையும், மூச்சு மிச்சமாகும், எதிரியின் தோள் அசைவதைப் பார்த்துத் தட்டிவிடப் பழகுவாள். அதுவும் அவளாகப் பழக மாட்டாள். சரியான நொடியில் பட்டனை அமுக்க ஆடுகிறவன் பழக வேண்டும். எண் ஏறாவிட்டால் எவன் ஆடுவான், பேஜாராகிவிடும் என்று இம்தியாஸ் சண்டை போட்டான். ஆடுகிறவனின் கைதான் வளர வேண்டும் என்று நீ விடாப்பிடியாக நின்றாய். குடுவையையும் எடுத்துவிட்டாய். காயம் பட்டால் கட்டுப் போட வேண்டும், காத்திருக்க வேண்டும். சில காயம் ஆறும். சில ஆறாது, நொண்டிக்கொண்டேதான் போக வேண்டும்.

நீங்கள் இருவரும் அந்த நொடியைச் சரிசெய்துகொண்டிருந்த சமயத்தில்தான் அது ஆரம்பித்தது. பட்டனை அமுக்கினால் அஞ்சலை தாமதமாகத் தட்டுகிறாள் என்றாய். ப்ரோகிராமில் எங்கேயோ பிழை என்று இருவரும் தேடினீர்கள். மூன்று வாரம் தேடினீர்கள். கன்ட்ரோலரை மாற்றினாய், கம்ப்யூட்டரை மாற்றினாய். நீ செய்ததை நீயே ஆட முடியாமல் முதல் சண்டையிலேயே செத்துக்கொண்டிருந்தாய். கடைசியில் இம்தியாஸ் உன் கையிலிருந்து வாங்கி ஆடிப் பார்த்தான். ஒரு தட்டு பிசகவில்லை. அவன் திரையையே பார்த்துக்கொண்டு, எனக்கு நல்லாத்தான்டா வருது என்று சொன்னான். டீ கிளாஸை எடுத்தாய். இரண்டு கையாலும் எடுத்தாய்.

நான் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். ஜன்னல் வெளிச்சம் உன் வலது கைமேல் விழுந்தது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சதை இருக்க வேண்டிய இடத்தில் குழி. முழங்கைக்குக் கீழே தோலுக்கடியில் ஏதோ மெல்லத் துடித்துத் துடித்து அடங்கியது. ஒரு செருப்பை மாட்டியபடியே நின்றுவிட்டேன். பாடத்தில் படித்திருக்கிறேன், வார்டில் இரண்டு பேரைப் பார்த்திருக்கிறேன். வேறு எதுவாக வேண்டுமானாலும் இருக்கட்டும் என்று அப்போதே ஜெபிக்கத் தொடங்கினேன். கழுத்து எலும்புத் தேய்மானமாக இருக்கட்டும், சத்துக் குறைவாக இருக்கட்டும். நீ நிமிர்ந்து பார்த்து, பஸ் போய்விடும் என்று எனக்கு நினைவுபடுத்தினாய்.

ஊசி குத்தி நரம்பைச் சோதித்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். மற்றதெல்லாம் இல்லை என்று ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி, கடைசியில் மிச்சமாக நின்ற பெயரை டாக்டர் சொன்னார். தசையை ஆட்டுவிக்கிற நரம்புச் செல்கள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டே போகும் நோய். ஒரு மாத்திரை இருக்கிறது, கொஞ்சம் மெதுவாக்கும், நிறுத்தாது. அவர் நல்ல மனிதர், நம் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னார். பிறகு உன் கை கால்களைப் பிடித்துத் தள்ளச் சொல்லி, இழுக்கச் சொல்லி, பக்கத்தில் நின்ற பயிற்சி டாக்டரிடம் எண்ணாகச் சொல்லிக்கொண்டே வந்தார். தோள் ஐந்து. முழங்கை நாலு. மணிக்கட்டு நாலு. விரல் மூன்று.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் அது என்ன கணக்கு என்று கேட்டாய். தசையின் பலத்துக்கு ஆஸ்பத்திரியில் போடுகிற எண், ஐந்து என்றால் முழு பலம், பூஜ்யம் என்றால் அசைவே இல்லை என்றேன்.

“உங்க கிட்டயும் லெவல் இருக்குதாக்கா?” என்று கேட்டாய்.

எனக்கு எதிரே சுவரில் கை கழுவுவது எப்படி என்று படம் ஒட்டியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்து எந்தத் தசை போகும் என்று நீ அப்போது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. நீ கேட்கவில்லை. காட்பாடியில் ரயிலைப் பிடித்து வீட்டுக்கு வந்து, வழியெல்லாம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, வந்ததும் கம்ப்யூட்டரைப் போட்டாய்.

இதையும் அஞ்சலைக்கு வைத்துவிட்டாய். எனக்குத் தெரியாது, இம்தியாஸ்தான் சொன்னான். பாதிக் கதைக்குமேல் அவளுக்குப் பழைய காயங்கள் மிஞ்சிக்கொண்டே போகும். எதிரியின் தோள் அசைவது அவளுக்குத் தெரியும், எப்படித் தட்ட வேண்டும் என்று தெரியும், கைதான் வராது. கற்றது முழுக்க இருக்கும், பலம் குறைந்துகொண்டே போகும். காட்பாடியில் காலேஜ் படிக்கிற நாலைந்து பேருக்கு ஆடிப் பார்க்கக் கொடுத்தீர்கள். இத்தனை மணி நேரம் உட்கார்ந்து சம்பாதித்ததை ஏன் பிடுங்குகிறாய் என்று எழுதினார்கள். ஒருவன் பாதியிலேயே அழித்துவிட்டான். நீ அவற்றை எனக்குப் படித்துக் காட்டினாய், ஏதோ வேறு யாருக்கோ வந்த கடிதம் மாதிரி.

அன்றைக்குத்தான் நான் உன்னிடம் கெஞ்சினேன். அந்தக் காயங்களையெல்லாம் வார்டிலிருந்து வீட்டுக்கு எடுத்து வந்தவள் நான். நீ குடுவையோடு நிம்மதியாக இருந்தாய்.

“வெறும் விளையாட்டுடா. குடுவையத் திருப்பி வச்சிடு. அவள நல்லாக்கிடு” என்றேன்.

“அப்போ நீ சொன்னது பொய்யா?”

“பொய்யில்ல.”

“அப்புறம் இன்னாக்கா” என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டாய்.

அம்மா அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் கம்பெனியிலிருந்து லைனிங் தோல் துண்டு கேட்டு வாங்கி வந்து, கன்ட்ரோலர் வழுக்காமல் இருக்கட்டும் என்று உறை தைத்தாள். அளவெடுக்க உன் கையைப் பிடித்தவள் விட மறந்து வெகு நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள். உறை அருமையாகப் பொருந்தியது. மூன்று மாதம் உபயோகப்பட்டது.

அதற்கப்புறம் என் கை உன் கையானது. நான் வாழ்க்கையில் கன்ட்ரோலரைத் தொட்டவளில்லை. நீ கட்டிலில் தலையணை வைத்துச் சாய்ந்திருப்பாய், நான் கீழே உட்கார்ந்து ஆடுவேன். இடது, தட்டு, பின்னால் போ, மூச்சு விடட்டும், இப்போ. என் கையில் அஞ்சலை எத்தனை தடவை செத்தாள் என்று கணக்கே இல்லை. உனக்குச் சலிப்பே வரவில்லை. அவன் தோளப் பாருக்கா, வாளப் பாக்காத என்று நூறு தடவை சொன்னாய். ஒரு மதியம் நானாகவே ஒரு வெட்டைத் தட்டிவிட்டேன். நீ சொல்வதற்கு முன்னாலேயே கை போய்விட்டது. திரும்பிப் பார்த்தேன். உன் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். எனக்கோ அழுகை முட்டிக்கொண்டு வந்தது, தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து போய்விட்டேன்.

பேச்சும் குழறத் தொடங்கியபோது நான் உன் சொற்களை முடித்து வைக்க ஆரம்பித்தேன். நர்ஸுகளுக்கு அது பழக்கம். நீ “வ...” என்றாய். வலிக்குதா என்று கேட்டுக் கன்ட்ரோலரைக் கீழே வைத்தேன். நீ சொல்ல வந்தது வலது. அதற்குள் வலது பக்கத்திலிருந்து வந்தவன் அஞ்சலையை வெட்டிச் சாய்த்துவிட்டான். நீ என்மேல் அப்படிக் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

“முடிக்காத” என்றாய். நிறுத்தி, எச்சிலை விழுங்கி, ஒவ்வொரு எழுத்தாகத் திரட்டி, “நான் முடிக்கிறேன்” என்றாய்.

அன்றிலிருந்து காத்திருந்தேன். ஒரு சொல்லுக்கு ஒரு நிமிஷம் ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. எதிரி வெட்டட்டும், அஞ்சலை சாகட்டும் என்று இருந்தேன்.

நாம் கடைசியாக ஆடியது பாலத்தை. கோட்டைக்கு முன்னால் கடைசிப் பாலம், மூன்று காவலர்கள். அஞ்சலைக்கு அதற்குள் வலது கை சுத்தமாக விளங்கவில்லை. பத்துத் தடவையாவது முயன்றிருப்பேன். எப்படி ஜெயிப்பது என்று கேட்டேன். நீ தலையை மெல்ல அசைத்தாய், முடியாது என்று. பிறகு வெகு நேரம் கழித்து, “உட்காரு” என்றாய். நான் உட்கார்ந்துதானே இருக்கிறேன் என்று குழம்பினேன். உன் கண் திரையைக் காட்டியது. கீழ்ப் பட்டனை அமுக்கிப் பிடித்தேன். அஞ்சலை கம்பைக் கீழே போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்தாள். வார்டுக்கு வருகிறவர்கள் உட்காருவதைப் போலவே உட்கார்ந்தாள், ஒரு கையைத் தரையில் ஊன்றி. காவலர்கள் வாளை இறக்கினார்கள். ஒருவன் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்துவிட்டு நின்றான். காற்று சத்தம் மட்டும் வந்தது. அவள் தோள் ஏறி ஏறி இறங்கியது.

“அப்புறம்?” என்றேன்.

காத்திருந்தேன். உன் உதடு இரண்டு முறை கூடிப் பிரிந்தது.

“தெரியலக்கா.”

அம்மா கஞ்சி கொண்டுவரும்வரை மூவரும் அப்படியே இருந்தோம், நீ, நான், அஞ்சலை. அதற்கு அடுத்த வாரம் உனக்குச் சளி கட்டியது. மூச்சுக் குழாய் போட வேண்டாம் என்று நீ முன்பே எழுத்துகள் எழுதிய பலகையில் ஒவ்வொன்றாகக் கண்ணால் காட்டிக் காட்டிச் சொல்லிவைத்திருந்தாய். அதற்கான படிவத்தில் என் கையெழுத்தும் இருந்தது. மூன்றாம் நாள் காலை ஒன்பது மணிக்கு, நான் வேலை பார்க்கிற அதே ஆஸ்பத்திரியில், எனக்குத் தெரிந்த அத்தனை மருந்தும் இரண்டு அலமாரி தள்ளி இருக்க, உன் மூச்சு எண்ணிக்கை குறைவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பதினெட்டு வருஷ சர்வீஸ். உன் நெற்றியைத் துடைத்தேன். வேறு ஒன்றும் செய்யவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மழையில் நனைந்துகொண்டு இம்தியாஸ் வந்தான். இளைத்திருக்கிறான். அம்மாவிடம் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேசிவிட்டு லேப்டாப்பைத் திறந்தான்.

“ரெண்டு மாதிரி வச்சிருக்கேன்கா. ஒண்ணுல குடுவை இருக்கு, பாலத்த தாண்டிக் கோட்டைக்குள்ள போய்டலாம். இன்னொண்ணு அவன் வச்ச மாதிரியே. நீங்க எத சொல்றீங்களோ அத வெளிய விடறேன்” என்றான்.

ஒரே மடக்கில் சரியாகட்டும் என்றவனும் நீதான், அப்புறம் இன்னா என்று திரும்பிக்கொண்டவனும் நீதான். எந்த உன்னை நான் கேட்பது? அம்மாவைப் பார்த்தேன். அவள் லேப்டாப்பில் அஞ்சலை மூச்சு வாங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தெரியவில்லை இம்தியாஸ் என்று சொன்னேன். அவன் தலையை ஆட்டினான். அவனுக்கும் தெரியவில்லை என்றான். மழை விட்டதும் மறுபடி வருவதாகச் சொல்லிவிட்டு, லேப்டாப்பைப் பாலிதீன் கவரில் சுற்றி எடுத்துக்கொண்டு போனான். மழை விடாமலே இருக்கட்டும் என்று இந்த நாலு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

என்னிடம் நீ விட்டுப்போனது ஒன்று இருக்கிறது, அதை மட்டும் சொல்லி முடிக்கிறேன். நேற்று வார்டில் ஒரு பெரியம்மா. பக்கவாதம் வந்து வாய் கோணியிருந்தது. என்னைப் பார்த்து “த...” என்றார். என் கையில் தண்ணீர் டம்ளர் இருந்தது. மகள் பக்கத்திலிருந்து, தண்ணியா, தண்ணியாம்மா என்று பதறினாள். நான் அவள் தோளைத் தொட்டு நிறுத்தினேன். டம்ளரைக் கீழே வைத்தேன். பக்கத்துப் படுக்கையில் கூப்பிட்டார்கள், போகவில்லை. பெரியம்மா கண்ணை மூடினார், திறந்தார், நாக்கைத் தேடினார். எவ்வளவு நேரமானது என்று தெரியாது.

“த... தலகாணி” என்றார்.

தலையணை நழுவித் தோளுக்குக் கீழே போயிருந்தது. தூக்கி வைத்தேன்.